சுக்குமல்லிக் காப்பி: பாக்கெட்டா, டப்பாப் பொடியா, உரலா?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் “சுக்கு காப்பி போடலாமா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்பது சுலபம். சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்தால்தான் சங்கதி தெரியும். போன வருஷம் மிஞ்சிய பொடி அடியில் கட்டிதட்டிக் கிடக்கும். முகர்ந்து பார்த்தால் சுக்கு லேசாக மூக்கில் ஏறும், மல்லி வாசம் மட்டும் காணாமல் போயிருக்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் அதே கேள்வியில் வந்து நிற்போம். கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவிடலாமா, நாமே வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளலாமா, இல்லை அம்மா செய்த மாதிரி வேண்டும்போதெல்லாம் உரலில் தட்டிப் போட்டுக்கொள்வதா?

மூன்றையும் மாற்றி மாற்றிப் பல மழைக்காலங்கள் செய்து பார்த்துவிட்டேன். மூன்றிலும் நல்ல காப்பி குடித்திருக்கிறேன், மூன்றிலும் வாயில் வைக்க முடியாததையும் குடித்திருக்கிறேன். எது உசத்தி என்பதைவிட எது யாருக்கு ஒத்துவரும் என்பதுதான் இங்கே பேச்சு.

பெயரில் மட்டும்தான் காப்பி, காப்பிக்கொட்டை ஒன்றுகூடக் கிடையாது என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். சுக்கு, தனியா என்று சொல்லும் கொத்தமல்லி விதை, கொஞ்சம் மிளகு, இனிப்புக்குக் கருப்பட்டி. அடிப்படை இவ்வளவுதான். ஏலக்காய், திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், துளசி எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். சாயங்காலம் சைக்கிளில் பெரிய பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் வாங்கிக் குடித்தால் ஒருவரிடம் திப்பிலிக் காரம் தூக்கலாக இருக்கும், இன்னொருவரிடம் ஏலக்காய் மணக்கும். இரண்டுமே சுக்குமல்லிக் காப்பிதான்.

பாக்கெட் வாங்குவதென்றால்

முதலில் பாக்கெட்டைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலானோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். வெந்நீரில் கலந்தால் முடிந்தது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், கெட்டில் மட்டும் வைத்திருப்பவர்கள், மாதத்துக்கு இரண்டு முறை குடிப்பவர்கள் ஆகியோருக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. அவர்களைப் பிடித்து வைத்து “வறுத்து அரைங்க” என்று உபதேசம் செய்வது அநியாயம்.

ஆனால் வாங்குமுன் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். நம் நாட்டு உணவு லேபிள் விதிப்படி, எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். பட்டியலின் தலையில் சர்க்கரையோ வெல்லப் பொடியோ உட்கார்ந்திருந்தால், நீங்கள் வாங்குவது சுக்கு வாசம் ஏற்றிய இனிப்பு. முதலில் மல்லி, அடுத்து சுக்கு என்று இருந்தால் பரவாயில்லை. சுக்கின் விலை மல்லியைவிடச் சில மடங்கு அதிகம் என்பதால், பொடி விற்கிறவருக்கு மல்லியைக் கூட்டிச் சுக்கைக் குறைக்க எப்போதும் ஓர் ஆசை இருக்கும். பட்டியலோடு அரைத்த தேதியையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் அரைத்த பொடியில் மல்லியைத் தேடவே வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2020க்குப் பிறகு கடை அலமாரியில் கஷாயப் பொடி, குடிநீர்ப் பொடி என்று வரிசை கட்டி நிற்கின்றன. அந்த வருஷம் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன பொடியில் துளசி நாலு பங்கு, பட்டையும் சுக்கும் இரண்டிரண்டு பங்கு, மிளகு ஒரு பங்கு. அதை வீட்டிலேயே செய்யலாம், சுக்கு காப்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஆனால் கபசுரக் குடிநீர் பதினைந்து சரக்கு சேர்ந்த சித்த மருந்து, நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது. அவை மருந்து, அளவும் நாளும் வைத்தியர் சொல்ல வேண்டியவை. சாயங்காலம் முறுக்கோடு குடிக்கும் சங்கதி அல்ல.

நாமே அரைத்து வைத்துக்கொள்வதென்றால்

இதில்தான் அதிகம் பாடுபட்டிருக்கிறேன், அதனால் அதிகம் சொல்லவும் இருக்கிறது.

அளவு சுலபம். எங்கள் வீட்டுக் கணக்கு: மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் ஐந்தாறு. காரம் பிடித்தவர்கள் சுக்கை 75 கிராம் வரை ஏற்றலாம். சலித்த பிறகு சுமார் 150 கிராம் பொடி தேறும். டம்ளருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது ஏறக்குறைய 3 கிராம் என்று வைத்தால் ஐம்பது டம்ளர். தினமும் இரண்டு பேர் குடிக்கிற வீட்டில் மூன்றரை வாரத்தில் தீர்ந்துவிடும். நாலு பேர் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் குடித்தால் மூன்று மாதம் கிடக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கால் கிலோ சுக்கு வாங்கி அரைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டது. நல்ல சுக்கு கல் மாதிரி இருக்கும். ஜாரின் மூடிக்குள் கடகடவென்று ஒரு சத்தம், அடுத்து பிளேடு நின்றுபோனது. அடியில் இருக்கும் புஷ் தேய்ந்துபோய், ஜாரை ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். “சுக்கா போட்டீங்க?” என்று கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார். சுக்கை முதலில் ஒரு துணியில் சுற்றி, அம்மிக் குழவியாலோ சுத்தியலாலோ நொறுக்கி, கடலைப் பருப்பு அளவுத் துண்டுகளாக்கிக்கொண்டுதான் மிக்ஸிக்குப் போக வேண்டும்.

சரி, மாவு மில்லில் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சின்ன அளவு என்றால் பல மில்களில் எடுக்க மாட்டார்கள். ஒரு மில்லில் பழக்கத்துக்காக அரைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து காப்பி போட்டால் ஒரே கார நெடி. எனக்கு முன்னால் வந்தவர் வற்றல் மிளகாய் அரைத்திருக்கிறார். மில்லுக்குப் போவதானால் காலையில் முதல் ஆளாகப் போங்கள், அல்லது முன்னால் நிற்பவர் மல்லியோ மஞ்சளோ அரைக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சுக்கு வாங்குவதும் ஒரு கலைதான். பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சுண்ணாம்பு நீரில் தோய்த்து வெளுக்கவைத்து விற்பது பழைய வியாபார வழக்கம். மங்கலான மண் நிறத்தில், சுருக்கம் விழுந்து, உடைத்தால் ‘டக்’ என்று முறிகிற துண்டுதான் எனக்கு வேண்டும். ஊசிமுனை ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

“சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு” என்று கிழவிகள் சொல்வார்கள். சுக்கின் தோலும் கடுக்காயின் கொட்டையும் ஆகாது என்பது அதன் பொருள். தோலில் மண்ணும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும் என்பதற்காகவாவது கத்தியால் ஒரு முறை சுரண்டிவிடுவது நல்லது. பாக்கெட் பொடியில் இதைச் செய்திருப்பார்களா என்பது நம் கையில் இல்லாத விஷயம்.

அடுத்து வறுப்பது. மல்லியை மட்டும் சிறு தீயில், கை வைத்தால் சுடுகிற பதத்துக்கு, நிறம் மாறத் தொடங்குமுன் இறக்கிவிட வேண்டும். சிவக்க வறுத்தால் சாம்பார்ப் பொடி வாசம் வந்துவிடும், அப்புறம் எவ்வளவு கருப்பட்டி போட்டாலும் சாம்பார்தான் நினைவுக்கு வரும். சுக்கையும் மிளகையும் வெயிலில் காயவைத்தால் போதும். வெயில் இல்லாவிட்டால் வெறும் வாணலியின் சூட்டில் இரண்டு நிமிடம். வறுத்ததை நன்றாக ஆறவிட்டு அரைத்து, அரைத்ததையும் தட்டில் பரப்பி ஆறவிட்ட பிறகே பாட்டிலில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, பத்தே நாளில் பூஞ்சை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நாம் இந்தப் பொடியைத் தேடுகிற மழைக்காலம்தான் இது கெட்டுப்போகவும் தோதான காலம். ஈரக் கரண்டி ஒன்றே போதும்.

சலித்தால் சல்லடையில் சுக்கு நார் நிற்கும். தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாரம் டீ கொதிக்கும்போது போடலாம், ரசத்திலும் ஒரு சிட்டிகை போகும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தால் முதல் இரண்டு வாரம் கிடைக்கிற காப்பி எந்தப் பாக்கெட்டிலும் வராது. மூன்றாவது வாரத்திலிருந்து மெல்ல இறங்க ஆரம்பிக்கும்.

உரலில் தட்டுவதென்றால்

இரண்டு டம்ளருக்குக் கட்டைவிரல் நுனியளவு சுக்கு, ஒரு மேசைக்கரண்டி மல்லி, நாலைந்து மிளகு. இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டரை டம்ளர் தண்ணீரில் போட்டு, அது இரண்டு டம்ளராகும்வரை மூடி வைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுவது. நைசான பொடி போட்ட காப்பியில் டம்ளரின் அடியில் சேறு மாதிரி ஒரு வண்டல் நிற்குமே, அது இதில் கிடையாது. தெளிந்த தேன் நிறத்தில் இருக்கும். வாசத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை.

குறை எங்கே என்றால், நேரத்திலும் சத்தத்திலும். இருபது நிமிடம் ஆகும். காலை ஆறு மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் சுக்கைத் தட்டிப் பாருங்கள், கீழ்வீட்டிலிருந்து ஆள் வரும். தவிர, சுக்கு ஒரே அடியில் நொறுங்குவதில்லை. வழுக்கித் தெறித்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். விருந்தாளி வந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு இது சரி. தினப்படிக்கு என்றால் ஒரு வாரத்தில் கை சலித்துவிடும், சலித்த கை பாக்கெட்டைத் தேடும்.

பச்சை இஞ்சியைப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் அது வேறு பானம். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது வெறும் ஈரம் மட்டும் போவதில்லை. அதன் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி, ஷோகால் என்ற இன்னும் உறைப்பான பொருளாக மாறிவிடுகிறது. பச்சை இஞ்சியின் காரம் நாக்கில் சுள்ளென்று பட்டு ஓய்ந்துவிடும், சுக்கின் காரம் தொண்டைக்குள் இறங்கி நெஞ்சில் நிற்கும். பச்சை இஞ்சிக்கு எலுமிச்சையும் தேனும் தோது. மல்லியோடும் கருப்பட்டியோடும் சேர்ந்து நிற்கச் சுக்குதான் வேண்டும்.

பொடியைப் பிரித்து வைத்தால்

நான் ரொம்ப நாள் கழித்துக் கண்டுகொண்ட விஷயம் ஒன்று உண்டு. பழைய டப்பாவைத் திறந்தபோதெல்லாம் சுக்கு உறைப்பு இருந்தது, மல்லி வாசம்தான் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. சுக்கின் காரம் எளிதில் ஆவியாகிப் பறந்துபோவதில்லை, பொடியானாலும் தாக்குப்பிடிக்கிறது. மல்லியின் வாசம் அப்படியல்ல. அது பறந்துபோகும் எண்ணெயில் இருக்கிறது. விதை முழுசாக இருக்கும்வரை எண்ணெய் உள்ளே பத்திரம், உடைத்த நிமிடத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஆக, இடிக்கக் கஷ்டமான சுக்கு பொடியாக இருந்தாலும் தாங்கும். பொடியாக்கினால் தாங்காத மல்லியோ விரலால் அழுத்தினாலே உடைகிற ஜாதி. அப்படியிருக்க இரண்டையும் ஒன்றாக அரைத்து ஒரே டப்பாவில் ஏன் அடைக்க வேண்டும்?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பாட்டிலில் சுக்கும் மிளகும் சேர்ந்த பொடி, இன்னொன்றில் லேசாக வறுத்த முழு மல்லி. காப்பி போடும்போது மல்லியை மட்டும் இடிகல்லில் நாலு தட்டு, அல்லது சப்பாத்திக் கட்டையால் ஒரு உருட்டு. அரை நிமிட வேலை. இடித்த மல்லியை முதலில் போடாமல், சுக்குப் பொடி நாலைந்து நிமிடம் கொதித்த பிறகு போட்டு, இன்னும் இரண்டு நிமிடம் மூடி வைத்துவிட்டு இறக்குகிறேன். சுக்குக்குக் கொதி வேண்டும், மல்லிக்குக் கொதி ஆகாது. உரல் காப்பியின் வாசத்தில் முக்கால் பங்காவது வந்துவிடுகிறது, சுக்கைத் தட்டும் அவஸ்தை இல்லை. முழுப் பொடியும் வீட்டில் அரைக்க நேரமில்லாதவர்கள் சுக்குப் பொடியை மட்டும் நாட்டு மருந்துக் கடையில் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சேர்மானம் ஒன்றே ஒன்று என்பதால் அங்கே ஏமாறும் வாய்ப்பும் குறைவு. மல்லிதான் எப்படியும் சமையலறையில் இருக்கிறதே.

வாரத்துக்கு மூன்று நாலு முறையாவது குடிக்கிற வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். தினமும் நாலைந்து டம்ளர் போகிற பெரிய குடும்பத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகவே அரைத்து வைக்கலாம், வாசம் போகுமுன் பொடி தீர்ந்துவிடும்.

இனிப்பும் பாலும்

கருப்பட்டியா, வெல்லமா, நாட்டுச் சர்க்கரையா என்பது இன்னொரு வழக்கு. என் ஓட்டு கருப்பட்டிக்குத்தான், அதுவும் ருசிக்காக. பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டியில் ஒரு புகை வாசம் உண்டு. அது சுக்குக் காரத்தை வழுவழுப்பாக்கித் தருகிறது. கரும்பு வெல்லம் போட்டால் காப்பி கொஞ்சம் பானகம் மாதிரி ஆகிவிடும். நாட்டுச் சர்க்கரை அவசரத்துக்குச் சரி, அவ்வளவுதான்.

தொல்லை என்னவென்றால் கருப்பட்டியில் கலப்படம் அதிகம். வெள்ளைச் சர்க்கரையைப் பாகில் சேர்த்து வார்த்துவிடுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பெயரிலேயே இதை நடத்துபவர்களும் உண்டு. உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரைப் படிகம் மினுங்கினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விலை வெல்லத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கலந்ததுதான். பனையேறுகிற ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் அசல் அவ்வளவு மலிவாகக் கிடைக்க வழியில்லை.

அசல் என்றாலும் அடியில் மண்ணும் தூசியும் இருக்கும். கால் கிலோ கருப்பட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி. “கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது” என்று சொல்லிக்கொண்டு இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடிக்கிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு இருப்பது அதே சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பில்லாமல் குடிப்பதே வழி, மல்லி நன்றாக இருந்தால் அதுவும் குடிக்கும்படி இருக்கும்.

பால் ஊற்றுவது பிடித்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வெல்லமும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கும்போது பாலை ஊற்றினால் பல தடவை திரிந்துவிடும். அடுப்பை அணைத்து, வடிகட்டி, இரண்டு நிமிடம் கழித்துத் தனியாகக் காய்ச்சிய பாலைச் சேர்த்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

மருந்துச் சரக்குகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அதிமதுரம் இனிப்பாக இருக்கிறது என்று சிலர் பொடியில் தாராளமாகச் சேர்க்கிறார்கள். தினமும் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் கூடும், உடலில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் தினப்படிப் பொடியில் அது வேண்டாம். கடைப் பொடி வாங்கும்போது பட்டியலில் இதையும் தேடிப் பாருங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் சுக்கும் மிளகும் ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்ட பிறகு குடிக்கட்டும்.

என் மாமியாருக்கு மட்டும் இந்த இரண்டு பாட்டில் ஏற்பாடு இன்னும் பிடிக்கவில்லை. “ஒரு காப்பிக்கு எத்தனை பாட்டிலடி?” என்று கேட்டுவிட்டு, டம்ளரை நீட்டுகிறார்.